நான்கு எருமைகளின் முடி

ஜூலை 8, 2025. செவ்வாய்

முழங்கால் மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வயதுக்கு நன்றாகவே இருக்கிறது" என்றார். முழங்காலைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. இரண்டுக்கும் எழுபத்தொன்பது. டில்லி கரோல் பாக்கில் இரண்டாம் மாடியில் தனியாக வசிப்பவளுக்கு அவர் வழங்கிய அறிவுரை: படி ஏறாதீர்கள்.

மாலையில் ஒரு மின்னஞ்சல். எழுதியவள் பெயர் சுபாஷிணி. பல்கலைக்கழகத்தில் நான் இருபது ஆண்டுகள் நடத்திய பாலூட்டி மரபியல் ஆய்வுக்கூடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். புதிய கருவிகளைக் கொண்டு பழைய காட்டெருமைக் கேள்வியை மறுபடி ஆராய்கிறாளாம். 1998ஆம் ஆண்டுக் குறிப்பேடுகள் என்னிடம் இருந்தால் பார்க்க வேண்டுமாம். "உங்கள் அறிக்கைதான் இந்தத் துறைக்கே அஸ்திவாரம்" என்று முடித்திருக்கிறாள்.

அஸ்திவாரத்தைத் தேடி வருகிறவர்கள் கடப்பாரையோடுதான் வருவார்கள். பதில் எழுதவில்லை.

ஜூலை 11. வெள்ளி

நினைவு ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள, ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் எழுதிப் பார்க்கிறேன்.

மத்திய இந்தியாவில் ஒரு காடு. அதில் காட்டெருமைகள். நம் பக்கத்தில் மலைக்காட்டு மாட்டை அந்தப் பெயரால் அழைக்கிறார்கள், அது வேறு. இது சேற்றில் கிடக்கும் நீள்கொம்பு எருமை, வீட்டெருமையின் மூதாதை. 1998இல் மேற்குக் கூட்டத்தில் பதினாறும் கிழக்குக் கூட்டத்தில் இருபத்துமூன்றும் இருந்தன. இவற்றில் வீட்டெருமையின் கலப்பு உண்டா என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

கலப்பைக் கண்டுபிடிக்க, கலப்பே இல்லாத வீட்டெருமை ஒப்பீட்டுக்கு வேண்டும். அந்த ஒப்பு மாதிரிகள் காட்டின் கிழக்கு ஓரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் வந்தன. எட்டு எருமைகளின் இரத்தம். நான் நேரில் போகவில்லை. அந்த வாரம் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம்.

கிழக்குக் கூட்டத்துக்கும் அந்த எட்டு எருமைகளுக்கும் பொதுவான மரபுக்குறிகள் ஏராளமாக இருந்தன. மேற்குக் கூட்டத்துக்கு இல்லை. ஆகவே எழுதினேன்: மேற்கு தூயது, கிழக்கு கலப்பு.

சோதனையில் பிழையில்லை. கணக்கிலும் இல்லை. அந்த எட்டு எருமைகளின் தகப்பன் யார் என்று மட்டும் நான் கேட்கவில்லை. காட்டோர ஊர்களில் கடா வளர்ப்பது அபூர்வம். மேய்ச்சலில் காட்டுக்கடா தானாக வந்து சேரும். கன்று திடமாகப் பிறக்கும் என்பதால் ஊராரும் அதை விரட்டுவதில்லை. காட்டின் இரத்தம் வீட்டுக்கு வந்திருந்தது. நான் அதைத் தலைகீழாக வாசித்தேன். மகனைப் பார்த்து, இவன் ஜாடை தகப்பனிடம் இருக்கிறது, ஆகவே தகப்பன் கலப்பு என்று தீர்ப்பளித்த நீதிபதி நான்.

நினைவு ஒழுங்காகத்தான் இருக்கிறது. வருத்தம்.

ஜூலை 19. சனி

பரண் பெட்டியை இறக்க மின்சாரம் பழுதுபார்க்க வந்தவரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. குறிப்பேடு மேலேயே இருந்தது. தேடவில்லை. அது எங்கே இருக்கிறது என்று இருபத்தேழு ஆண்டுகளாகத் தெரியும்.

நவம்பர் 11, 1998 பக்கத்தின் அடியில், என் கையெழுத்தில், தமிழில்: "கு. சொன்னது — காட்டோர எருமை ஒப்பீட்டுக்கு ஆகாது. சரிபார்க்க." அதன்மேல் ஒரு கோடு. கோட்டின் மை வேறு நிறம். எழுதிய அன்று அடிக்கவில்லை. யோசித்து, பிறகு அடித்திருக்கிறேன்.

கு. என்பது குஞ்சம்மாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகள் கழுவியவள். சிறுவயதில் ஊரில் எருமை மேய்த்தவள். ஜங்புராவின் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருந்தாள்.

அதே பக்கத்தில் ஒரு பொட்டலம். நாட்காட்டித் தாளை மடித்துச் செய்தது. மேலே அவள் எழுத்து: "டில்லி எரும முடி 4." உள்ளே நான்கு சிறு முடிச்சுகள், வேரோடு பிடுங்கிய கறுப்பு முடி. காட்டின் வாடையே படாத, டில்லிப் பால்பண்ணை எருமைகள். நான் செய்ய வேண்டியிருந்த ஒப்பீடு, கேட்காமலே கைக்கு வந்திருந்தது. இரண்டு நாள் வேலை. அறிக்கை கொடுத்தது ஜனவரி 4. நடுவில் ஏழரை வாரம்.

பொட்டலத்தை மறுபடி அதே மடிப்பில் மடித்தேன்.

ஜூலை 27. ஞாயிறு

சுபாஷிணி வந்தாள். முப்பத்திரண்டு வயது, படியில் ஓடியே ஏறினாள். குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. மந்திர் மார்க் பக்கம் பிறந்து வளர்ந்தவளாம். "டமில் பேசுவேன் மேம். படிக்க வராது. அம்மா திட்டுவா."

அவள் சொன்ன செய்திகளை வரிசையாக எழுதுகிறேன். 'கலப்பு' என்று முத்திரை விழுந்தபின் கிழக்குக் கூட்டத்துக்குக் காவல் குறைந்தது. 2003இல் கால்நடைகளிடமிருந்து நோய் பரவியது. தூய கூட்டத்தைச் சுற்றியிருந்த மாடுகளுக்கு மட்டும் தடுப்பூசி. 2018இல் மிஞ்சியவற்றைப் பிடித்து அடைப்புக்குள் விட்டார்கள். இன்று உயிரோடிருப்பவை: தூய கூட்டத்தில் இரண்டு கடாக்கள், எருமை ஒன்றுகூட இல்லை. கலப்புக் கூட்டத்தில் இரண்டு எருமைகள், கடா இல்லை. மூத்தது ஏழாம் எண், இளையது அதன் மகள், பதினோராம் எண்.

"ஒரே அடைப்புதானா?" என்றேன்.

"ஒரே அடைப்பு மேம். நடுவில வேலி. கடா வேலிகிட்ட வந்து நிக்கறது. தொறக்க மாட்டா. பிகாஸ்..." என்று நிறுத்திவிட்டாள். நல்ல வளர்ப்பு.

அந்த 'பிகாஸ்' எதிரில் உட்கார்ந்து அவளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தது.

அவளுடைய புதிய முடிவின்படி கிழக்குக் கூட்டத்தில் கலப்பு இல்லை. செப்டம்பர் 18 அன்று காட்டெருமைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்தில் வைக்கப் போகிறாள். பக்கம் பக்கமாகப் படமெடுத்தாள். அந்தப் பக்கம் வந்தது. அடித்த வரியின்மேல் விரல் வைத்து, "யே க்யா லிக்கா ஹை, மேம்?" என்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறாள்.

"வீட்டுச் சாமான் பட்டியல்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். பொட்டலத்தை நான் முன்பே எடுத்து அலமாரியில் வைத்திருந்தேன்.

ஐம்பத்திரண்டு வயதில் செய்ததற்குப் பதவி ஆசை என்று காரணம் சொல்லலாம். எழுபத்தொன்பதில் என்ன சொல்வது?

ஆகஸ்ட் 5. செவ்வாய்

சுபாஷிணியே யோசனை சொன்னாள்: "அக்காலத் தொழில்நுட்பத்தின் வரம்பு காரணமாக முடிவு துல்லியமற்றதாக இருந்திருக்கலாம்" என்று நான் இரண்டு வரி கொடுத்தால் குழுவுக்கு உதவும். கொடுத்தேன். பிழையற்ற ஆங்கிலம். 'இருந்திருக்கலாம்' என்பது எவ்வளவு வசதியான சொல்! தமிழிலும் அப்படியே.

ஆகஸ்ட் 9. சனி

ராமச்சந்திரன் பேசினான். என் பழைய மாணவன். இப்போது அந்தக் குழுவின் செயலர், தலை வழுக்கை, குரல் மட்டும் இன்னும் ஆராய்ச்சி மாணவன்.

"ரொம்ப நன்றி மேடம். அழகா எழுதியிருக்கீங்க. யார் பேரும் கெடாது."

"வேலியைத் திறப்பார்களா?"

"அது உடனே முடியாது மேடம். பழைய முறைல ஒரு முடிவு, புது முறைல ஒரு முடிவு. மூணாவதா ஒரு லேப் பார்க்கணும்பாங்க. ரெண்டு வருஷம் ஆகும். அவசரம் என்ன?"

அவசரம் இதுதான். எருமை சினைப்படுவது குளிர்காலத்தில். கடாக்களில் ஒன்றுக்கு இருபது வயது. இன்னொன்றுக்கு முன்னங்கால் வீக்கம். இரண்டு குளிர்காலம் அவை காத்திருக்கும் என்று யார் கையெழுத்துப் போடுவது?

"ஒப்பு மாதிரியே தவறு என்று தெரிந்தால்?" என்றேன்.

"அப்படின்னா பழைய முடிவு நிக்கவே நிக்காது. மூணாவது லேப் வேண்டாம். ஆனா அப்படி இல்லையே மேடம்?"

அவன் கேள்வியாகத்தான் கேட்டான். நான் பேச்சை மாற்றினேன். டிசம்பரில் என் எண்பதாம் பிறந்தநாளுக்கு மாணவர்கள் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். முதல் கட்டுரை 1999 அறிக்கையைப் பற்றி.

ஆகஸ்ட் 10. ஞாயிறு

தெரியாம பண்ணலை. அதை இன்னிக்காவது எழுதணும். அவ சொன்னப்பவே சரின்னு தெரிஞ்சுது. சரியா இருக்குமோன்னு பயந்துதான் அந்த முடியைத் தொடலை. தப்புன்னு நெனச்சிருந்தா சோதிச்சிருப்பேன், சோதிச்சு அவ மூஞ்சில காட்டியிருப்பேன்.

குப்பி கழுவறவ சொல்லி, பேராசிரியர் திருத்தறதா? அவ்வளவுதான் விஷயம். வேற ஒண்ணும் இல்லை. பெரிசா எதுவும் இல்லைங்கறதுதான் —

இருபத்துமூணு எருமை.

ஆகஸ்ட் 15. வெள்ளி

மொட்டை மாடிகளில் பட்டம். காலை முதல் ஒலிபெருக்கி.

கைப்பேசியில் குஞ்சம்மாளின் எண் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பானைப் படம் போட்ட வாழ்த்து அனுப்பியிருக்கிறாள். ஒன்றுக்கும் நான் பதில் போட்டதில்லை. ஜூனில் மதராசி கேம்ப் வீடுகளை இடித்த செய்தியைச் செய்தித்தாளில் படித்தேன். படித்துவிட்டு, குறுக்கெழுத்துப் புதிருக்குப் போனேன்.

இன்று அழைத்தேன். "யாரு?" என்றாள். பெயர் சொன்னேன். "மேடம்மா, உயிரோடதான் இருக்கீங்களா!" என்றாள். மகிழ்ச்சியாகத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 24. ஞாயிறு

நரேலா, டில்லியின் வடகோடி. டாக்ஸியில் ஒன்றே முக்கால் மணி நேரம். கேம்ப் போனபின் கிடைத்த வீடு, நான்காம் மாடி. படி ஏறினேன். முழங்கால் மருத்துவர் மன்னிப்பாராக.

குஞ்சம்மாளுக்கு அறுபது இருக்கும். முடி என்னைவிட வெளுத்திருக்கிறது. மகள் பூங்கோதை இன்னும் ஜங்புராவில்தான் வீட்டு வேலை செய்கிறாள். விடியுமுன் கிளம்பி இரண்டு பேருந்து மாறுகிறாளாம்.

"வழி தெரிஞ்சுதா மேடம்மா? எங்களுக்கே இன்னும் தெரியல. பாதி நாள் கண்டக்டர் பையா சொல்ற எடத்துல எறங்குறோம்."

பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இத இன்னுமா வச்சிருக்கீங்க? எதுக்கு, சாமி படத்துக்கு மாலை கட்டவா?"

"நீ சொன்னது சரி, குஞ்சம்மா. நான் சோதிக்கவே இல்லை."

"சோதிக்கலையா?"

"இல்லை."

அவள் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த இடத்தில் மாறவில்லை.

"முடி யாரு புடுங்கினதுன்னு தெரியுமா உங்களுக்கு? எங்க கொழுந்தன் மாசிலாமணி. பால்பண்ணையில கறக்கப் போவாரு இல்ல, அவரு. மூணு எருமை சும்மா நின்னுச்சு. நாலாவது உட்டுச்சு பாருங்க ஒரு உதை, ரெண்டு மாசம் வேலைக்குப் போகல. கட்டில்ல படுத்துக்கிட்டு தெனம் கேப்பாரு, 'அண்ணி, உங்க மேடம் என்ன சொன்னாங்க, என் எருமை பாஸா ஃபெயிலா?'ன்னு. நானும், 'இரு, ஜல்தி சொல்லிருவாங்க'ன்னு சொல்லிக்கினே இருந்தேன்."

"இப்போது அவர்..."

"போன வருசம் போயிட்டாரு. அது வேற சீக்கு. உதைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பயப்படாதீங்க."

மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். அதற்கான வாக்கியத்தை டாக்ஸியிலேயே செம்மைப்படுத்தி வைத்திருந்தேன். தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவுது? இப்ப அந்த எருமைங்க எங்க?"

சொன்னேன். வேலியையும் சொன்னேன்.

"கடா ஒரு பக்கம், எருமை ஒரு பக்கமா? நடுவுல வேலியா?" தலையில் அடித்துக்கொண்டாள். "படிச்சவங்க செய்யற வேலை! எங்க ஊர்ல பைத்தியக்காரன்கூடச் செய்ய மாட்டான். போங்க மேடம்மா, போயி எழுதிக் குடுங்க. இங்க உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்கீங்க."

"உன் பெயரை எழுதலாமா? உனக்குச் சம்மதமா?"

"எழுதுங்க. மாசிலாமணி பேரும் எழுதுங்க. உதை வாங்கினது அவரு."

டீ நன்றாக இருந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26. செவ்வாய்

கடிதம் ஒரு பக்கம். இங்கே சாரத்தை மட்டும் பதிகிறேன்.

1999 அறிக்கையின் ஒப்பு மாதிரிகள் காட்டுக்கடாக்களின் வழிவந்த எருமைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. ஆகவே 'கிழக்கு கலப்பு' என்ற முடிவு செல்லாது. இதை ஆய்வுக்கூட ஊழியர் குஞ்சம்மாள் 1998 நவம்பர் 11 அன்று என்னிடம் கூறினார். சரியான ஒப்பீட்டுக்காக மாசிலாமணி என்பவர் சேகரித்த மாதிரிகளையும் கொடுத்தார். நான் அவற்றைச் சோதிக்கவில்லை. தொழில்நுட்பத்தின் வரம்பு காரணம் அல்ல. ஆகஸ்ட் 5 தேதியிட்ட என் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அடித்த வரியின் படத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் இணைத்தேன். முதல் பிரதியைச் சுபாஷிணிக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் அழைத்தாள்.

"மேம், அந்தச் சாமான் லிஸ்ட்..."

"ஆமாம்."

"ஆப் முஜே பதா சக்தீ தீ." என்னிடம் சொல்லியிருக்கலாமே என்கிறாள். கோபம் வந்தால் ஹிந்திக்குப் போய்விடுகிறாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன். "இருபத்தேழு வருடம் முன்பு தொடங்கி எந்த நாளும் சொல்லியிருக்கலாம்."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. அவள்மேல் மரியாதை கூடியது.

செப்டம்பர் 19. வெள்ளி

நேற்று குழு கூடியது. 1999 முடிவு நீக்கப்பட்டது. நவம்பர் தொடக்கத்தில், சூடு தணிந்ததும், வேலியைத் திறக்க அனுமதி. மூன்றாவது ஆய்வுக்கூடம் தேவையில்லை.

ராமச்சந்திரன் தகவலைச் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினான். "அந்த மலர் கொஞ்சம் தள்ளிப் போகுது மேடம்."

"எவ்வளவு தள்ளி?"

"பார்க்கலாம் மேடம்."

'பார்க்கலாம்' என்பதற்கு மத்திய அரசு அலுவலகங்களில் என்ன பொருள் என்று அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் நான். அவர் செக்ரடேரியட்டில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தா.

அக்டோபர் 22. புதன்

தீபாவளிப் புகை இன்னும் இறங்கவில்லை. ஜன்னலைத் திறக்க முடியாது.

ஏழாம் எண் நேற்று விழுந்து இறந்தது. முதுமை என்கிறாள் சுபாஷிணி. வேலிக்குள் ஏழு குளிர்காலம், கடாவின் வாடையைக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. கதவு திறக்கப் பதின்மூன்று நாள் இருந்தது.

இனி மகள் ஒன்றுதான். பதினோராம் எண்.

ஜூலை 8ஆம் தேதி மின்னஞ்சலுக்கு அன்றே பதில் எழுதியிருந்தால்? அப்போதும் அனுமதி நவம்பருக்குத்தான் என்று வாதிடலாம். வாதிட எனக்கு நன்றாக வரும். அதனால்தான் வாதிடவில்லை.

நவம்பர் 3. திங்கள்

காலை ஒன்பது மணிக்கு வேலிக் கதவைத் திறந்தார்கள். கால் வீங்கிய கடா வாசல்வரை வந்து நின்றதாம். தாண்டவில்லை. ஏழு வருடம் அங்கே வேலி இருந்தது அதற்கு நினைவிருக்கிறது.

நவம்பர் 5. புதன்

தாண்டியது.

நவம்பர் 14. வெள்ளி

இன்று காலை கடா பதினோராம் எண்ணோடு சேர்ந்தது. அடைப்புக் காவலர் பார்த்திருக்கிறார். சுபாஷிணி கத்தினாள், கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

உடனே குஞ்சம்மாளை அழைத்தேன்.

"தங்கிருச்சா?" என்றாள்.

"அதற்குள் எப்படித் தெரியும்? சில வாரம் கழித்துச் சாணத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள்."

"அனுப்பட்டும். சோதனைக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். இன்னிலேருந்து இருபத்தோரு நாள் எண்ணுங்க. சினை நிக்கலன்னா மறுபடி கத்தும், கடாகிட்ட போயி நிக்கும். சில எருமை கத்தாது, ஊமைச் சூடு. அப்ப வாலைத் தூக்கிக்கினு நிக்குதான்னு பாக்கணும். மூணு தடவ எண்ணி மூணு தடவையும் சும்மா இருந்துச்சுன்னா தங்கிருச்சு. காவல்காரன் பையாகிட்ட சொல்லி வைங்க."

"கொஞ்சம் மெதுவாகச் சொல்" என்றேன். "எழுதிக்கொள்கிறேன்."

"என்னாது?"

"எழுதிக்கொள்கிறேன் என்றேன்."

மெதுவாக, சொல் சொல்லாக, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தேதியும் அவள் பெயரும் போட்டு எழுதினேன். காவலருக்கு ஹிந்தியில் எழுதிச் சுபாஷிணி வழியாக அனுப்பினேன்.

டிசம்பர் 5. வெள்ளி

இருபத்தொன்று. கத்தவில்லை. வாலும் தூக்கவில்லை. கடாவை முட்டி விரட்டியதாம்.

டிசம்பர் 11. வியாழன்

எண்பது முடிந்தது. மலர் இல்லை. குஞ்சம்மாள் பானைப் படம் அனுப்பினாள். பொங்கலுக்கு வைத்திருந்ததாக இருக்கும். பதில் போட்டேன்.

டிசம்பர் 26. வெள்ளி

நாற்பத்திரண்டு. கத்தவில்லை.

ஜனவரி 16, 2026. வெள்ளி

கடும் பனி. எதிர் வீடு தெரியவில்லை.

நான் அழைக்குமுன் குஞ்சம்மாளே அழைத்துவிட்டாள். "என்ன மேடம்மா, மாசிலாமணி கேக்கறாரு, பாஸா ஃபெயிலா?"

அறுபத்து மூன்று. கத்தவில்லை.